பெரிய சக்கரம் எந்தப் பக்கம்?

அத்தியாயம் 14

நாலு போல்ட்டில் மூன்று மரியாதையாக இறங்கிவிட்டன. நாலாவது மட்டும் பாதியில் நின்றுகொண்டு, முடிந்தால் பார் என்றது. காலை ஏழு மணிக்கு எடுத்த ஸ்பானரைச் சின்னவன் இன்னும் கீழே வைக்கவில்லை. மணி ஒன்பதாகப் போகிறது.

போன வாரம் வார்ப்புப் பட்டறையிலிருந்து லிவர் தாங்கி வந்ததும், அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவன் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்ததும் நினைவிருக்கும். அந்தப் பெருமை ஏழு நாள்கூட நிற்கவில்லை, பாவம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னவன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வயது நாற்பத்து மூன்று. அவன் கட்டிக்கொண்டு அழுவது டிராக்டருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற, இரண்டு கொழு வைத்த, அந்தக் காலத்து இரும்புக் கலப்பை. அதற்கு மூன்று சக்கரம். பல் வைத்த பெரிய சக்கரம் உழாத தரைமேல் ஓட வேண்டும். சின்னச் சக்கரம் உழுத சாலுக்குள் இறங்கி ஓட வேண்டும். பின்னால் வாலாட்டிக்கொண்டு வர ஒரு குட்டிச் சக்கரம். அப்பா இறந்த பிறகு கலப்பையைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். சக்கரங்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டன. பெரியதைச் செங்கல் சூளைத் தள்ளுவண்டியிலிருந்தும் சின்னதை யாரோ ஒருவர் வீட்டு வாசல் கேட்டிலிருந்தும் மூன்று மாதம் அலைந்து மீட்டுக்கொண்டு வந்தான்.

எல்லாம் கைக்கு வந்தாயிற்று. எது எந்தப் பக்கம் என்பதில்தான் வந்தது வினை.

கலப்பையைச் செய்த மகராசன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாலு ஓட்டை போட்டுத் தொலைத்திருந்தான். அச்சோடு சேர்த்து எந்தச் சக்கரத்தையும் எந்தப் பக்கமும் பூட்டலாம். லேத்துக்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார், "கொழு மண்ணை வலப்பக்கம் புரட்டுது. அப்ப சால் வலப்பக்கம். சின்னச் சக்கரம் வலது, பெரிசு இடது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சின்னவன் கேட்கவில்லை. "எங்கப்பா இடது கைக்காரர்ண்ணே. தன் வசதிக்கு எல்லாத்தையும் மாத்திப் பூட்டியிருந்தார். போட்டோ இருக்கு" என்றான்.

"போட்டோவா வந்து உழப்போகுது?" என்றார் லேத்துக்காரர். அத்தோடு அவருக்கும் இவனுக்கும் பேச்சு நின்றது.

போட்டோ இருந்தது உண்மை. கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். கலப்பைக்குப் பின்னாலிருந்து எடுத்த படம். கொழு இரண்டும் மண்ணுக்குள் புதைந்திருக்கின்றன. முன்னால் டிராக்டர். கலப்பையின் இடது ஓரத்தில் அப்பா நின்று நம்மைப் பார்க்கிறார். இடது கை லிவரின் மேல். பெரிய சக்கரம் வலப்பக்கம்.

அப்பா போகும்போது சின்னவன் அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். அப்பாவின் முகம் அண்ணனுக்குப் போய்விட்டது, உயரமும் அண்ணனுக்கே. இவனுக்கு வந்தது அந்த ஒரு கை. ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் விரல் முட்டியில் அடித்து, "நொட்டாங்கை" என்று பெயரும் வைத்து அனுப்பினார். அடுத்த வாரமே அம்மா அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, "பாரு, உங்கப்பாவுக்கும் அந்தக் கைதான்" என்றாள். அன்றிலிருந்து யார் கேலி செய்தாலும் அவனுக்கு உறைத்ததில்லை. அவனுடைய மொத்தச் சொத்தே அந்த இடது கைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்குக் காலையில் பழைய இயந்திரக் கண்காட்சி. விண்ணப்பத்தில், "இடது கை உழவர் ஒருவர் தமக்காக மாற்றியமைத்த கலப்பை" என்று அவனே எழுதிக் கொடுத்திருந்தான். அதற்காகத்தான் இடமும் கொடுத்தார்கள். இன்று நாலு மணிக்குக் கலப்பையை ஏற்ற லாரி வருகிறது. அதற்குள் ஒரே ஒரு சாலாவது ஒழுங்காக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

"இன்னிக்காவது ஓடுமாடா?" என்று பின்வாசலில் வந்து நின்றாள் அம்மா.

"ஓடும்மா. நீ வெயில்ல நிக்காதே, உள்ளே போ."

"இல்ல, அந்தப் பெரிய சக்கரம்..."

"அம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது. எனக்கே புரியலை. கொஞ்சம் விடேன்."

அம்மா விட்டுவிட்டாள். அவள் உள்ளே போன அதே நேரம் போல்ட் கால் சுற்று இறங்கியது. உடனே அதன் தலை வழுக்கி, ஸ்பானர் நழுவி, அவன் கை முட்டி இரும்பில் போய் இடித்தது. நல்ல வார்த்தை எதுவும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

பத்து மணிக்கு டிராக்டரை ஓட்டிக்கொண்டு பெரியவன் வந்தான். அப்பாவின் டிராக்டர்தான், அவன் வீட்டுக் கொட்டகையில் நிற்கும், அவனைத் தவிர யாரையும் தொட விட மாட்டான். பஸ் டிரைவர். இந்தக் கூத்துக்காக ஒரு நாள் லீவு போட்டிருக்கிறான், அதை நாலு தடவை சொல்லாமல் இருக்கவும் மாட்டான்.

"ஒரு நாள் லீவுடா. சொந்தக் கல்யாணத்துக்கே ரெண்டு நாள்தான் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். கலப்பையைச் சுற்றி வந்தான். "என்ன, கடைசியில உன் இஷ்டப்படியேவா பூட்டியிருக்கே?"

"அப்பா இஷ்டப்படி."

"நம்ம அப்பா போட்டோவுல நிக்கிறார், சரி. ஓட்டினது எப்படின்னு உனக்கு யார் சொன்னது?"

"உனக்கு அஞ்சு வயசு அண்ணே அப்ப. நீ பார்த்திருக்கே. அப்பா எந்தக் கையால லிவர் பிடிப்பார்?"

பெரியவன் யோசித்தான். "எனக்கு அந்த ஆளோட கைன்னா ஞாபகம் இருக்கிறது முதுகுல விழுந்த அடிதான். அடி விழுறப்ப இடதா வலதான்னு எவன் பார்ப்பான்?"

கொக்கி மாட்டினார்கள். சின்னவன் கலப்பைக்குப் பின்னால், கயிறு கையில். இந்தக் கயிற்றை இழுத்தால் பெரிய சக்கரத்துக்குள் இருக்கிற பல் ஒன்று இன்னொரு சின்னக் கொக்கியில் மாட்டி, சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே கலப்பை தானாக மண்ணைவிட்டு எழ வேண்டும். மறுபடி இழுத்தால் இறங்க வேண்டும். அதுதான் அந்தக் கலப்பையின் அழகே. அந்தக் காலத்தில் அதைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு நிற்பார்களாம்.

"போலாம்" என்றான்.

டிராக்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. பத்தடி போனதும் முன்கொழு மண்ணுக்குள் புகுந்துகொண்டு வரவே மாட்டேன் என்றது. பின்கொழு தரைக்கு மேலே நின்று காற்றை உழுதது. மொத்தக் கலப்பையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நொண்டிக்கொண்டு வந்தது. சின்னவன் கயிற்றை இழுத்தான். பெரிய சக்கரத்துக்குள் டக் டக் டக் என்று பல் வழுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுவதாவது.

"நிறுத்து" என்று கத்தினான்.

பெரியவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் இருபதடி இழுத்துக்கொண்டு போனான். திரும்பிப் பார்த்தபோது நிலத்தின் நடுவில் உழுத தடம் ஒரு பக்கம் முழங்கால் பள்ளமும் மறுபக்கம் கீறலுமாக, ஏதோ பெருச்சாளி குடும்பத்தோடு வந்துபோன கோலத்தில் கிடந்தது.

"ஆழம் குறைய லிவரை ரெண்டு பல் ஏத்தணும்" என்றான் சின்னவன். ஏற்றினான். மறுபடி ஓட்டினார்கள். இப்போது இரண்டு கொழுவும் காற்றை உழுதன.

மூன்று பல் இறக்கினான். டிராக்டரே நின்றுபோனது.

வால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டினான். கொக்கியை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினான். கொழுவுக்கு அடியில் தகடு வைத்துப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான். கிரீஸ் போதாது என்று டப்பாவையே கவிழ்த்தான். பல் வழுக்குகிற சத்தம் மட்டும் கொஞ்சங்கூட மாறாமல், டக் டக் டக் என்று அவனைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தது. கேட்கக் கேட்க அவனுக்கு மண்டைக்குள் ஜிவ்வென்று ஏறியது. மூன்று மாதம் சூளையிலும் பட்டறையிலும் அலைந்தது இதற்காகவா என்று அந்தச் சக்கரத்தைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாமென்று வந்தது.

மணி பன்னிரண்டரை.

"டேய், கடைசியா ஒரு வார்த்தை சொல்றேன். சக்கரத்தை மாத்து" என்றான் பெரியவன், ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு.

"முடியாது."

"ஏன் முடியாது? நாலு போல்ட்டு."

"மாத்தினா அது எல்லார்கிட்டயும் இருக்கிற கலப்பை ஆயிடும். அப்பா கலப்பையா இருக்காது."

"உழாத கலப்பையை வச்சுக்கிட்டு அப்பா கலப்பை, தாத்தா கலப்பைன்னு பேசிட்டிரு. நான் பிரேக்கை அழுத்தினா பஸ்ஸு நிக்கணும். நிக்கலைன்னா, இது எங்கப்பா பஸ்ஸுன்னு சொல்ல முடியுமா?"

"உனக்கென்ன? உனக்கு அவர் முகம் இருக்கு. கண்ணாடியில பார்த்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் அது வெளியே வந்துவிட்டது தெரிந்தது. பெரியவன் டிராக்டரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, கொஞ்ச தூரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

சின்னவன் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், கூடத்துச் சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றினான்.

"அதை ஏண்டா எடுக்கிறே? வெயில்ல கொண்டு போகாதே" என்றாள் அம்மா.

"ஒரு தடவை பக்கத்துல வச்சுப் பார்த்துக்கறேம்மா."

"போட்டோவுல என்னடா தெரியும்?" என்று அவள் கேட்டது அவன் முதுகுக்குத்தான் கேட்டது.

டிராக்டரின் மட்கார்டு மேல் போட்டோவைச் சாய்த்து வைத்து, கலப்பையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். லிவர் இடது, சரி. பெரிய சக்கரம் வலது, சரி. வால் சக்கரம் சரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிற ஒன்று ஏன் உழாது என்று அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு அவன் மனைவி வந்தாள். தையல்காரி. கழுத்தில் அளவு டேப் தொங்கியபடியே வருவாள், அதைக் கழற்றினால் ஏதோ குறைகிற மாதிரி இருக்குமாம்.

"அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துட்டு நிக்கிறீங்க, கலப்பை நடுவுல நிக்குது. சரியான குடும்பப் படம்" என்றாள். "மாமா, வாங்க, சாப்பிடுங்க."

பெரியவன் வந்து உட்கார்ந்தான். சின்னவன் அசையவில்லை. அவள் அடுக்கைப் பிரித்துக்கொண்டே போட்டோவைப் பார்த்தாள். கூடத்தில் அது உயரத்தில், டியூப்லைட் கண்ணாடியில் அடித்து முகம் மட்டும் மங்கலாகத் தெரியும். பதினேழு வருடமாகக் கும்பிட்டுவிட்டுப் போகிற படம். பகல் வெளிச்சத்தில் மூக்குக்கு நேராக இன்றுதான் பார்க்கிறாள்.

"ஏங்க, உங்கப்பாவுக்கு இந்தச் சட்டையை யார் தைச்சது?"

"இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்."

"இல்ல, பாக்கெட்டை வலப்பக்கம் வச்சிருக்கான். எவனும் அப்படி வைக்க மாட்டான்."

சின்னவனுக்கு முகம் மலர்ந்தது. "அதான். இடது கைக்காரர் இல்லையா? இடது கையால எடுக்க வலப்பக்கம் இருந்தாத்தானே வசதி. சொல்லித் தைச்சிருக்கார். பார்த்தியா அண்ணே?"

"சரி. பாக்கெட்டை ஒத்துக்கிறேன்" என்றாள் அவள். குனிந்து இன்னும் பக்கத்தில் பார்த்தாள். "பட்டன் பட்டியும் மாறி இருக்கே. ஆம்பளைச் சட்டையில இடது பக்கத் துணி மேல வரும். இதுல வலது மேல வந்திருக்கு. இது பொம்பளைங்க சட்டை தைக்கிற முறை."

"அதையும் சொல்லித் தைச்சிருப்பார்."

"சட்டை பட்டனுக்குமா?"

"இடது கையால பூட்ட வசதியா இருக்கும்."

"அப்ப பொம்பளைங்க எல்லாரும் இடது கையாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள். "நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே? துணியைப் புரட்டிப் போட்டா இப்படித்தான் இருக்கும். கண்ணாடியில பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். இந்தப் படமே திரும்பியிருக்குன்னு தோணுது."

பெரியவன் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்தான். போட்டோவைப் பார்த்தான். பிறகு டிராக்டரைப் பார்த்தான். மறுபடி போட்டோ.

"புகைக்குழாய்" என்றான் மெதுவாக.

டிராக்டரின் புகைக்குழாய் வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தது. மூன்றடி தள்ளி, கண்ணெதிரே, எண்ணெய்ப் பிசுக்கோடு. போட்டோவில் அதே டிராக்டருக்கு அது இடப்பக்கம் இருந்தது.

"முப்பது வருஷமா நான் இதை ஓட்டறேன்" என்றான் பெரியவன். "இவ்வளவு நாள் போட்டோவுல சக்கரத்தைப் பார்த்தோம், லிவரைப் பார்த்தோம், டிராக்டரை ஒரு பய பார்க்கலை."

சின்னவன் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றான். படத்தை மனதுக்குள் திருப்பிப் பார்த்தான். பெரிய சக்கரம் இடப்பக்கம் போனது. லிவர் வலப்பக்கம் போனது. சட்டைப் பாக்கெட் நெஞ்சின் இடப்பக்கம் வந்தது. அப்பாவின் கையும் அவற்றோடு சேர்ந்து திரும்பியது.

"அப்ப அப்பா வலது கை" என்றான்.

அவன் மனைவி சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள். அவன் அதை வாங்காமல் கலப்பைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

பெரியவனும் அடியில் புகுந்தான். அச்சோடு சக்கரங்களைக் கழற்றி மாற்றினார்கள். காலையில் இரண்டு மணி நேரம் உயிரை வாங்கிய நாலாவது போல்ட், இந்தப் பக்கத்து ஓட்டையில் விரலால் திருகவே சரசரவென்று இறங்கியது. அதைப் பார்த்துச் சின்னவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிவரை வலப்பக்கம் மாற்றினான். பட்டறையில் அவன் சொல்லிச் சொல்லி வார்த்த தாங்கியை ஓட்டைக்குத் தகுந்தபடி ராவ வேண்டியிருந்தது. அரத்தை இடது கையில் பிடித்து ராவிக்கொண்டே இருந்தான், போதும் என்று அண்ணன் தோளைத் தொடுகிற வரைக்கும்.

மணி மூன்று.

டிராக்டர் கிளம்பியது. பத்தடியில் சின்னவன் கயிற்றை இழுத்தான். ஒரே ஒரு 'டக்'. கலப்பை அடக்கமாகத் தாழ்ந்தது. இரண்டு கொழுவும் ஒன்றாக மண்ணுக்குள் இறங்கின. சின்னச் சக்கரம் சாலில் இறங்கி ஓடியது. இரண்டு பட்டையாக மண் எழுந்து, புரண்டு, வரிசையாகப் படுத்துக்கொண்டே வந்தது. நிலத்தின் கடைசியில் மறுபடி இழுத்தான். பெரிய சக்கரம் பல்லைப் பிடித்துக்கொண்டது. அத்தனை கனமும் தானாக எழுந்து நின்றது.

பெரியவன் டிராக்டரை நிறுத்திவிட்டு இருக்கையில் நின்றுகொண்டே திரும்பிப் பார்த்தான். வாயெல்லாம் பல். "டேய், நூல் பிடிச்ச மாதிரி இருக்குடா. வந்து பாரு."

சின்னவன் பார்த்தான். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதமாக இந்த ஒரு சாலைத்தான் தூக்கத்தில்கூடப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அதற்குள்ளேயே நிற்கிறான், துளிச் சந்தோஷம் வரவில்லை. யாரோ தன் வீட்டுக்குள் புகுந்து, இருந்த ஒரே பொருளையும் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. நாலாவது போல்ட்டும் டக் டக் சத்தமும் எவ்வளவோ தேவலை என்று நினைத்தான்.

பாக்கெட்டில் போன் அடித்தது. கண்காட்சிச் செயலாளர்.

"சார், உங்க கலப்பையைத்தான் நடு மேடைக்கு நேரா நிறுத்தப்போறோம். இடது கை உழவர்னு பேனரே அடிச்சாச்சு. இன்னொரு விஷயம். உங்கம்மா இருக்காங்கல்ல? அவங்களை மேடைக்குக் கூட்டிட்டு வந்து, உங்கப்பாவோட அந்த இடது கையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிடுங்க. ஜனங்க ரசிப்பாங்க."

"சார், அதுல ஒரு..."

"நாளைக்கு ஒன்பதரைக்கு வந்துடுங்க. லாரி வந்துட்டிருக்கு." வைத்துவிட்டார்.

சின்னவன் போட்டோவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

அம்மா கூடத்தில், மருமகள் வெட்டிப் போட்ட துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஊசியை வலது கையில்தான் பிடித்திருந்தாள். ஒவ்வொரு தையலும் மெதுவாக, யோசித்து யோசித்துப் போட்டாள். எப்போதுமே அவள் அப்படித்தான். மாமியார் ஓரம் அடித்து முடிப்பதற்குள் நான் ரெண்டு சட்டை முடித்துவிடுவேன் என்று மருமகள் சிரிப்பாள்.

"ஓடிச்சா?" என்றாள் நிமிராமல்.

"ஓடிச்சு. சக்கரத்தை மாத்தினோம்."

"பெரிசு இடது பக்கமா?"

அவன் அப்படியே நின்றான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"டிராக்டர்ல உங்கப்பா உட்கார்ந்தா கயிறு யார் கையில இருந்ததுன்னு நினைச்சே? உங்கண்ணனை முதுகுல கட்டிக்கிட்டு அந்தக் கலப்பை மேல உட்கார்ந்து எத்தனை சால் போயிருக்கேன் தெரியுமா?"

"மூணு மாசமா நான் நாயா அலையறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"காலையில வந்தேன். உள்ளே போன்னுட்டே." ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "நீ மூணு மாசத்துல லேத்துக்காரரைக் கேட்டே, சூளைக்காரனைக் கேட்டே, போட்டோவைக் கேட்டே. என்னைக் கேட்கலை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியலை. சக்கரத்தைச் சொன்னா கையைச் சொல்லணும்."

அவன் போட்டோவை அவள் முன்னால் வைத்தான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "இது திரும்பியிருக்கு. உனக்குத் தெரியுமா?"

"நான்தான் திருப்பிப் போடச் சொன்னேன்."

வெளியே பெரியவன் யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது. லாரி வந்துவிட்டது போலிருக்கிறது.

"விரல் முட்டியெல்லாம் வீங்கி வந்து நின்னே" என்றாள் அம்மா. "இனிமே பள்ளிக்கூடம் போக மாட்டேன், இந்தக் கை வேண்டாம், வெட்டிடுன்னு சொன்னே. ஆறு வயசு. ரெண்டு நாள் சாப்பிடலை. ஸ்டூடியோவுல பழைய ஃபிலிம் இருந்துது. பெரிசாப் போட்டுக் கொடுங்க, ஆனா திருப்பிப் போடுங்கன்னேன். அந்த ஆள் எதுக்குன்னு கேட்டார். எம் புள்ளைக்குன்னேன்."

சின்னவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நாற்பது வயசு தாண்டுகிற வரைக்கும் ஒரு பொய்யைக் கும்பிட வைத்திருக்கிறாள். கண்காட்சியில் எழுதிக் கொடுத்து, ஊரெல்லாம் சொல்லி, அண்ணனிடம் சண்டை போட்டு, எல்லாம் ஒன்றுமில்லாததற்கு.

"அப்ப எனக்கு அவர்கிட்டேருந்து ஒண்ணுமே வரலை" என்றான். "அண்ணனுக்கு எல்லாம் வந்தது. எனக்கு இந்தக் கைகூட இல்லை. எங்கிருந்தோ வந்தது, அவ்வளவுதான்."

"எங்கிருந்தோ இல்லைடா."

அம்மா ஊசியைத் துணியிலிருந்து எடுத்தாள். இடது கைக்கு மாற்றினாள். ஒரு தையல் போட்டாள். இரண்டு, மூன்று, பத்து. யோசிக்கவேயில்லை. ஊசி போய்வருவதை அவன் கண்ணால் பின்தொடர முடியவில்லை. வாசல்படியில் வந்து நின்ற அவன் மனைவி, சொல்ல வந்ததை மறந்து அந்தக் கையையே பார்த்தாள்.

"என்னை எங்க வீட்டுல ஒரு வருஷம் இந்தக் கையை இடுப்போட சேர்த்துக் கட்டித் திருத்தினாங்க" என்றாள் அம்மா. "கல்யாணமாகி வந்தப்ப உங்கப்பாவுக்கு மட்டும் தெரியும். கலப்பையில உட்கார்ந்தா யாரும் பார்க்க மாட்டாங்கன்னு கயிறை இந்தக் கையாலதான் இழுப்பேன். நீ வந்து நின்னப்போ, இது என் கைடான்னு சொல்ல வாய் வரலை. அடி வாங்கின கையை உனக்குக் கொடுத்தேன்னு எப்படிச் சொல்றது? உங்கப்பா கைன்னா நீ நிமிர்ந்து நடப்பேன்னு தோணிச்சு. நடந்தே."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். முப்பத்தேழு வருடம் இதே கூடத்தில், இதே அம்மாவுக்கு எதிரில், சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். இன்று காலையில்கூட அவளை உள்ளே போகச் சொன்னான். கோபம் எந்தப் பக்கம் போயிற்றென்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்தது, துடைக்க இடது கையைத் தூக்கினான், தூக்கியதைப் பார்த்து இன்னும் அதிகமாக வந்தது.

"நாளைக்கு உன்னை மேடையில பேசச் சொல்றாங்கம்மா" என்றான். "அப்பாவோட இடது கையைப் பத்தி. பேனர் எல்லாம் அடிச்சுட்டாங்க."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியை மடித்து வைத்தாள்.

"பேசறேன். எனக்கொண்ணும் பயமில்லை" என்றாள். "ஆனா யாரு கைன்னு சொல்லணும்னு நீதான் சொல்லணும்."